சீட்டு விரித்தால் வழி தெரியுமா?

தெருமுனையில் கிளிக்கூண்டுடன் அமர்ந்திருக்கும் சோதிடரைக் கண்டால் நாம் நின்று பார்ப்பதில்லை. "அது நமக்கு ஆகாது" என்று பிள்ளைகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு நடந்து விடுகிறோம். இந்த ஒன்றிலாவது நாம் உறுதியாக இருக்கிறோம் என்ற பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் அதே கிளி இன்று கூண்டையும் நெல்மணியையும் துறந்து, மேனாட்டு ஆடை தரித்து, நம் வீட்டுக் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துகொண்டது. டாரட் என்பது அதன் புதுப்பெயர். கிளியைக் கண்டு விலகிய நாம், இதைக் கண்டு விலகவில்லை. காரணம், இது நாகரிகமாகப் பேசுகிறது.

படித்த பெண்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் கேட்கிறார்கள். வியாபாரம் தளர்ந்த கடைக்காரர்களும் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார்கள். "இதெல்லாம் என்ன?" என்று வினவினால் ஆயத்தமாக ஒரு விடை வருகிறது: "இது குறி சொல்வதன்று, வருங்காலம் உரைப்பதுமன்று. நம் மனத்தை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. முடிவெடுக்க ஒரு வழிகாட்டல், அவ்வளவே."

இந்த "அவ்வளவே" என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு. வருங்காலத்தை அறிவேன் என்று சொல்பவனை ஏமாற்றுக்காரன் என்று எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். வழி மட்டும் காட்டுகிறேன் என்று சொல்பவன், அவனைக் காட்டிலும் ஆழமாக நம் வீட்டுக்குள் நுழைந்து விடுகிறான்.

நாமறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். கணவர் வளைகுடா நாடொன்றில் பணியில் இருக்கும்போதே மௌத்தாகி விட்டார். இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பெண் இத்தாவில் அமர்ந்தார். நான்கு மாதம், பத்து நாள். துக்கம் விசாரிக்க வந்தோர் பலர். கணக்கு விசாரிக்க வந்தோர் ஒருவருமில்லை. கணவரின் சேமிப்பும் பணிக்கொடையுமாகப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் வந்து சேர்ந்தது. உறவுக்காரர் ஒருவர், தாம் தொடங்கும் கூட்டு வியாபாரத்தில் அதைப் போடும்படி கேட்டார். போடலாமா, கூடாதா? யாரிடம் கேட்பது? கொழுந்தனார்களுக்கு அந்தப் பணத்தில் கண். தகப்பனார் இல்லை. பள்ளிவாசல் ஜமாஅத் அலுவலகம் ஆண்கள் ஏறும் படி. எஞ்சி நின்றது கைப்பேசி ஒன்றுதான். தோழி ஒருத்தியின் வழியாக, சீட்டு விரித்து வழி சொல்லும் ஓர் அம்மையார் அறிமுகமானார்.

பத்துச் சீட்டுகள் விரிக்கப்பட்டன. முடிவுக்குரிய பத்தாவது இடத்தில் 'பத்து நாணயம்' வந்து விழுந்தது. வளைவு வாயிலின் முன்னே ஒரு முதியவர். அப்பால் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு குழந்தையும். காலடியில் இரண்டு நாய்கள். படமெங்கும் பத்துப் பொன்வட்டுகள். "குடும்பச் செல்வம் தலைமுறைக்கும் நிலைக்கும்" என்று அம்மையார் பொருள் சொன்னார். பணம் கைமாறியது. உறவுக்குள் எழுத்தெதற்கு என்று எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஓராண்டில் வியாபாரம் மூடப்பட்டது. பத்துச் சீட்டுகள் விரிந்த அந்த வீட்டில், எழுதி வாங்கியிருக்க வேண்டிய ஒரே ஒரு சீட்டு மட்டும் எழுதப்படவே இல்லை.

இதைவிட வேதனையானது பின்னர் அவர் சொன்ன சொல்: "சீட்டு பொய் சொல்லவில்லை, நான்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை." பணத்தைப் பறிகொடுத்தவர் பழியையும் தாமே ஏற்றுக்கொண்டார். சீட்டு மட்டும் களங்கமின்றிக் கட்டுக்குள் திரும்பி விட்டது.

சீட்டு வந்த வழி

இந்தச் சீட்டுகளுக்குப் பழம்பெரும் மறைஞானம் உண்டென்று சொல்லப்படுகிறது. எகிப்தியக் குருமார்கள் தம் இரகசிய ஞானத்தைப் படங்களில் பொதிந்து வைத்தார்களாம். இது உண்மைதானா என்று வரலாற்றைக் கேட்போம். எகிப்து என்ற பெயர் மட்டும் மெய்யே. ஆனால் அது ஃபிர்அவ்ன்களின் எகிப்தன்று. மம்லூக் சுல்தான்களின் எகிப்து.

ஐரோப்பாவுக்குச் சீட்டாட்டம் முஸ்லிம் நாடுகளிலிருந்தே சென்றது. மம்லூக்கியர் காலத்துச் சீட்டுக்கட்டொன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என்று அதில் நான்கு இனங்கள். உருவப் படங்கள் இல்லை. பூவேலைப்பாடும் அரபு எழுத்துமே உண்டு. உயர்ந்த சீட்டுகளுக்கு மலிக், நாயிப், இரண்டாம் நாயிப் என்று பெயர். நம்மூர்களில் நாயிப் காஜி என்று வழங்குகிறோமே, அதே நாயிப். ஆற்காட்டாரை நவாப் என்றழைத்ததும் அச்சொல்லின் பன்மையிலிருந்து பிறந்த வழக்கே. 1377இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் புதிதாக வந்த ஒரு சூதாட்டத்துக்குத் தடை விதித்தபோது, அதை 'நாயிப்பே' என்றே குறித்தது. ஸ்பெயின் நாட்டார் இன்றளவும் ஆட்டச் சீட்டுகளை 'நைப்பெஸ்' என்கிறார்கள். போலோ ஆட்டத்தை அறியாத ஐரோப்பியர் அந்த மட்டையைத் தடியாகவும் கோலாகவும் மாற்றிக்கொண்டனர்.

டாரட் இதற்கும் பிந்தியது. 1440களில் வட இத்தாலியில், வழக்கமான நான்கு இனச் சீட்டுகளோடு இருபத்திரண்டு படச் சீட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்து ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். ஐம்பத்தாறும் இருபத்திரண்டும் கூடி எழுபத்தெட்டு. மிலான் நகரப் பிரபுக்கள் பொன்முலாமிட்ட சீட்டுகளை வரைவித்து வைத்துக்கொண்டார்கள். ஆடுவதற்காகத்தான், அருள்வாக்குக் கேட்பதற்காக அல்ல. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அது ஆட்டமாகவே இருந்தது. பிரான்சில் இன்றும் அதை ஆட்டமாக ஆடுகிறார்கள்.

பிறகு எகிப்து எங்கிருந்து முளைத்தது? 1781இல் பாரிஸ் நகரில் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், டாரட் ஆட்டம் எகிப்தியரின் தோத் என்னும் தெய்வத்தின் நூல் என்று எழுதினார். 'தார்' என்றால் வழி, 'ரோ' என்றால் அரசன், ஆக டாரட் என்றால் அரசவழி என்று எகிப்திய மொழிக்கே பொருள் சொன்னார். அன்று அந்த மொழியை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. எனவே மறுப்பாரும் இல்லை. 1822இல் ஷம்பொலியோன் எகிப்தியச் சித்திர எழுத்தின் முடிச்சை அவிழ்த்தார். கல்லும் தாளும் பேசத் தொடங்கின. அவற்றுள் எங்கும் டாரட்டைக் காணோம். ஆனால் அதற்குள் கதை வேரூன்றி, கடையும் திறந்தாகி விட்டது. 1785இலேயே பாரிஸில் அல்லியெத் என்பவர் டாரட் மூலம் குறி பார்க்கும் நூலை வெளியிட்டார். பின்னர்த் தம் சீட்டுகளையும் வெளியிட்டார். 'எத்தெய்லா' என்ற புனைபெயரில் எழுதினார். அது வேறொன்றுமில்லை, அவருடைய பெயரைத் தலைகீழாக்கி எழுதியதே. பெயரைக் கவிழ்த்துப் போட்டவர் சீட்டையும் கவிழ்த்துப் போட்டுப் பொருள் சொன்னதில் வியப்பென்ன?

இன்று நம் பிள்ளைகள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் 1909இல் இலண்டனில் வெளிவந்தவை. ஏ.ஈ. வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தவை. இவ்வளவு பெரிய வேலைக்கு மிகச் சிறிய கூலியே கிடைத்தது என்று அவரே ஒரு கடிதத்தில் குறைப்பட்டார். உலகெங்கும் எண்ணிலடங்காக் கட்டுகள் விற்பனையாகும் அந்தப் படங்களை வரைந்தவர், 1951இல் வறுமையில் மாண்டார். கடனை அடைக்க அவருடைய உடைமைகளை விற்க நேர்ந்தது. 'பத்து நாணய'த்தைத் தம் கையாலேயே தீட்டியவருக்கு அந்தப் பத்து நாணயம் வழி காட்டவில்லை. கடல் கடந்த நம்மூர் விதவைக்கு அது எவ்வாறு வழி காட்டும்?

கண்ணாடி என்னும் வாதம்

"வரலாறு எப்படியும் போகட்டும், பயன் இருக்கிறதல்லவா?" என்பார்கள். சரி, சீட்டு விரிக்கும் முறையையே எடுத்துக்கொள்வோம்.

மிகவும் வழக்கத்திலுள்ளது வெயிட் தம் நூலில் விளக்கிய பத்துச் சீட்டு விரிப்பு. முதற்சீட்டு கேட்பவரின் நிலை. அதன் மீது குறுக்கே வைப்பது தடை. மேலே ஒன்று, கீழே ஒன்று, கடந்தது ஒன்று, வரப்போவது ஒன்று. பக்கத்தில் வரிசையாக நான்கு: கேட்பவர், அவருடைய வீடும் சுற்றமும், அவருடைய நம்பிக்கைகளும் அச்சங்களும், இறுதியாக முடிவு. ஒன்பதாம் இடத்தை உற்று நோக்குங்கள். நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் ஒரே இடம், ஒரே சீட்டு! நீங்கள் விரும்புவது அதில் தெரிந்தால் அது உங்கள் நம்பிக்கை. நீங்கள் வெறுப்பது தெரிந்தால் அது உங்கள் அச்சம். எது விழுந்தாலும் தோற்காத ஆட்டம் இது. சீட்டு தலைகீழாக விழுந்தால் பொருளும் மாறும். 'மரணம்' என்ற சீட்டு விழுந்தால், அது மரணமன்று, மாற்றம் என்பார்கள். 'கோபுரம்' இடிந்து விழுந்தால், பழையது போய்ப் புதியது வரும் என்பார்கள்.

எழுபத்தெட்டுச் சீட்டுகளில் பத்தை வரிசையாக வைக்க எத்தனை வகையுண்டு என்று கணக்கிட்டால், 45,000 கோடி கோடிக்கும் அதிகமாக வருகிறது. இவற்றுள் எந்த வரிசை வந்தாலும், வந்தவருக்குப் பொருத்தமாகச் சொல்லச் சீட்டுக்காரரிடம் ஏதேனும் இருக்கிறது. "இந்த விரிப்பு உங்களுக்குப் பொருந்தவில்லை, எழுந்து போங்கள்" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதுண்டா? எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி, எந்தப் பூட்டுக்கும் உரியதன்று.

அப்படியானால் பொருந்துவது போல் தோன்றுவது ஏன்? இதற்கு விடை 1948இலேயே கிடைத்து விட்டது. பெர்ட்ரம் போரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர் முப்பத்தொன்பது பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, தனித்தனியே எழுதியது போல ஒவ்வொருவர் கையிலும் ஒரு குணவிளக்கம் கொடுத்தார். பிறர் தம்மை மதிக்க வேண்டுமென விரும்புபவர். தம்மைத் தாமே குறை காண்பவர். வெளிப்படாத திறமை உள்ளவர் என்ற வகையில் அது அமைந்திருந்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் உண்மையை உடைத்தார்: அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே விளக்கம்; பெரும்பகுதி கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. சட்டையைப் பெரிதாகத் தைத்து விட்டால் எல்லார் உடம்புக்கும் அது பொருந்தும்.

சீட்டு விரிப்போர் அனைவரையும் மோசடிக்காரர் என்று நாம் சொல்லவில்லை. தாம் சொல்வதை உண்மையிலேயே நம்புவோர் அவர்களுள் பலர். பரிவோடு பேசுகிறார்கள், குறுக்கிடாமல் கேட்கிறார்கள். அந்தப் பரிவே பாதி மருந்தாகிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆறுதலுக்கும் அறிவுரைக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கண்ணாடி என்கிறீர்கள். நல்லது, கண்ணாடியில் நம் முகம் தெரியும், கூட்டாளியின் கடன் தெரியுமா? நம் கண்ணீர் தெரியும், மாப்பிள்ளையின் நடத்தை தெரியுமா? மார்பில் கட்டி கண்ட பெண்ணுக்கு அதன் தன்மை தெரியுமா? முகம் பார்க்கத் தகுந்த கருவியைக் கொண்டு பாதை பார்க்கப் புறப்பட்டால், கால் பள்ளத்தில்தான் விழும்.

அம்பும் சீட்டும்

நம் முன்னோர் இந்த விளையாட்டை அறியாதவர்கள் அல்லர். அறியாமைக் கால மக்காவில் ஹுபல் சிலையின் அருகே ஏழு அம்புகள் இருந்தன. திருமணமா, குழந்தையின் பிறப்பில் ஐயமா, இறந்தவரை அடக்குவதா, எதுவானாலும் அம்பெறிந்து கேட்பார்கள். அம்பெறிபவருக்கு நூறு திர்ஹமும் ஓர் ஒட்டகமும் கொடுப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் வழியே அறிகிறோம். கேள்விகளைப் பாருங்கள்: கல்யாணம், பிள்ளை, சாவு. கட்டணத்தையும் பாருங்கள். பதினான்கு நூற்றாண்டுகளில் மாறியது கருவி மட்டுமே.

அருள்மறை இந்த அம்புகளை மாயிதா அத்தியாயத்தில் இரண்டிடங்களில் விலக்கியது. ஓரிடத்தில் மதுவோடும் சூதோடும் ஒரே வரிசையில் நிறுத்தியது. இவற்றை ஒன்றாகக் கட்டியதன் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றும் மனிதன் தன் அறிவைக் கையிலிருந்து கீழே வைத்து விடும் இடங்கள். மக்கா வெற்றியின்போது, கஅபாவினுள் இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) இருவரும் கையில் அம்பு ஏந்தியது போலத் தீட்டிய உருவங்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவ்விருவரும் ஒருபோதும் அம்பெறிந்து குறி கேட்டவர்கள் அல்லர் என்று கூறி, அவற்றை வெளியேற்றச் செய்தார்கள்.

குலுக்கல் அனைத்தும் விலக்கென்று நாம் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். பயணத்தில் உடன் வரும் துணைவியார் யார் என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களே சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். சம உரிமை உடையோரிடையே மனவருத்தமின்றிப் பங்கு பிரிப்பதற்குக் குலுக்கல் தகும். தெரியாததைத் தெரிவிக்கும்படி அதனிடம் கேட்பதே தகாது. முன்னது நீதி, பின்னது பேதைமை.

சுராக்காவின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஹிஜ்ரத்தின்போது, நூறு ஒட்டகப் பரிசை நாடி நாயகம் (ஸல்) அவர்களைத் துரத்தி வந்தவர் சுராக்கா இப்னு மாலிக். குதிரை இடறியது. அம்பெடுத்துக் குறி பார்த்தார். அவர் விரும்பாத அம்பே வந்தது. என்ன செய்தார்? அம்பின் சொல்லைத் தள்ளி விட்டு மீண்டும் குதிரை ஏறினார்! குறி கேட்போரின் குணம் முழுவதும் இந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது. ஆசைக்கு இசைந்த விடை வந்தால் அது வழிகாட்டல். இசையாவிட்டால் இன்னொரு முறை சீட்டைக் குலுக்கலாம். குதிரையின் கால்கள் மணலில் புதைந்தன. மறுபடி அம்பு, மறுபடி விரும்பாத விடை. இறுதியில் அபயம் வேண்டி அழைத்தவர், தமக்குப் பாதுகாப்பு அளித்து எழுத்து ஒன்று தரும்படி கேட்டார். ஆமிர் இப்னு புஹைரா (ரலி) தோல் துண்டொன்றில் எழுதிக் கொடுத்தார். அம்பை நம்பி வந்தவர் எழுத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இந்த எழுத்தைத்தான் நம் விதவைச் சகோதரிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? மறைபொருளையோ கனவின் பலனையோ பற்றியதன்று. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது: எழுதுபவர் நேர்மையோடு எழுத வேண்டும்; சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும்; சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது. வழிகாட்டல் என்றால் இது வழிகாட்டல். அன்றியும், அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று, அதாவது ஒன்றரை லட்சமே. கணவரின் பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்குரிய பங்கு போக, மீதியெல்லாம் அநாதைப் பிள்ளைகளின் உடைமை. அதைத் தொடுமுன் நெருப்பைத் தொடுவது போல அஞ்ச வேண்டும் என்று வேதம் எச்சரித்திருக்கிறது. பத்துச் சீட்டில் ஒன்றேனும் இதைச் சொல்லிற்றா?

நம் பக்கமும் திரும்புவோம்

இதுவரை சீட்டைச் சாடினோம். இனி நம்மைச் சாடாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகி விடும்.

டாரட் மேனாட்டுப் பிசாசு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. குறி கேட்கும் நோய் நம்மிடமும் பழையது. புளோரன்ஸ் நகரம் சீட்டாட்டத்தைத் தடை செய்த அதே 1377இல் பேரறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவை எழுதி முடித்தார். நகரங்களில் மணலிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் நீரிலும் குறி பார்த்துப் பிழைப்போரை அவர் அதில் வருணித்திருக்கிறார். பிழைப்பு, பதவி, நட்பு, பகை பற்றிக் கேட்க அவர்களிடம் செல்வோரையும் வருணித்து, இச்செயலைக் கண்டித்திருக்கிறார். அவர் கண்டது முஸ்லிம் நகரங்களில்தான். நம் வீடுகளில் பால் கிதாபு இருந்ததில்லையா? கண்ணை மூடி விரலை வைத்து, விழுந்த எழுத்துக்குப் பலன் படித்ததில்லையா? களவு போன நகைக்கு மை போட்டுப் பார்த்ததில்லையா? பச்சை உறை போட்டிருந்தால் அது மார்க்கமாகி விடுமா?

இதனினும் நுட்பமான தவறொன்று உண்டு. இஸ்திகாராவை நாம் என்னவாக்கி வைத்திருக்கிறோம்? எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்யும் முறையை, குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுக் கொடுப்பது போலவே நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இரண்டு ரக்அத் தொழுகை. பிறகு ஒரு துஆ. இக்காரியம் நன்மையாயின் எனக்கு எளிதாக்கு. தீமையாயின் என்னை விட்டும் அதைத் திருப்பி விடு என்பதே அதன் சாரம். அந்த அறிவிப்பில் கனவு இல்லை. பச்சை நிறம், சிவப்பு நிறம் இல்லை. பிறருக்குக் கூலி கொடுத்துப் 'பார்த்துச் சொல்ல' வைக்கும் ஏற்பாடும் இல்லை. நாமோ மாப்பிள்ளையின் குணத்தை நாலு பேரிடம் விசாரிக்கச் சோம்பி, "இஸ்திகாரா பார்த்தோம், சரியில்லை என்று வந்தது" என்கிறோம். அடியான் தன் இயலாமையை இறைவன் முன் வைத்து இறைஞ்சும் தொழுகையை, விடை துப்பும் இயந்திரமாக்கி விட்டோம். இப்படிப் பழகிய வீட்டுக்கு டாரட் எப்படி அந்நியமாகும்? இடம் நாம் முன்பே ஒழித்து வைத்ததுதானே!

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் இன்னொன்று. அந்தச் சகோதரி சீட்டிடம் போனது அறியாமையால் மட்டுமன்று. வேறு கதவு இல்லாததால். கலந்தாலோசிப்பதை இறைவன் தன் தூதருக்கே கட்டளையிட்டான். ஆலோசித்து உறுதி கொண்ட பின் தன் மீது பொறுப்பைச் சாட்டும்படியும் பணித்தான். ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையின் கசப்பால் தோழர்கள் தயங்கி நின்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனத்தாங்கலைத் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று, முதலில் தாங்களே குர்பானி கொடுத்து முடி களையுங்கள் என்று அந்த அம்மையார் யோசனை சொன்னார்கள். அவ்வாறே செய்தார்கள், கூட்டம் முழுவதும் பின்பற்றியது. வஹீ இறங்கும் வீட்டிலேயே ஆலோசனைக்கு இடமிருந்தது. வஹீ இறங்காத நம் வீடுகளில் அதற்கு இடமில்லை.

மருமகள் வாய் திறந்தால் 'அதிகப் பிரசங்கி'. மகள் ஐயம் கேட்டால் 'வெட்கமில்லாதவள்'. மகன் வேலையை இழந்து நின்றால் 'கையாலாகாதவன்'. இப்படிக் கதவுகளையெல்லாம் அறைந்து சாத்தி விட்டு, அவர்கள் சன்னல் வழியே அந்நியரிடம் பேசுகிறார்கள் என்று குமுறினால் என்ன நியாயம்? சீட்டுக்கார அம்மையார் அவர்களை 'உட்கார்' என்கிறார், 'சொல்' என்கிறார். நாம் அதைக்கூடச் சொல்வதில்லையே!

ஆகவே கைப்பேசியைப் பிடுங்குவதால் இந்நோய் தீராது. ஹராம் என்ற ஒற்றைச் சொல்லைச் சுவரில் எழுதுவதாலும் தீராது. ஒவ்வொரு மஹல்லாவிலும், இத்தாவில் அமர்ந்த பெண்ணைத் தேடிச் சென்று, திரை மரியாதை குறையாமல் கணக்கைக் கேட்டு எழுதித் தரக்கூடிய இரண்டு நம்பகமான பெண்கள் வேண்டும். பாகப் பிரிவினையும் பத்திரமும் அறிந்த ஒருவர் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். பெண்கள் தயக்கமின்றி வந்து வழக்குச் சொல்ல ஜமாஅத் அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாளேனும் ஒதுக்க வேண்டும். வீட்டில் கொடுக்கல் வாங்கல் எதுவாயினும், உடன்பிறந்தவரோடாயினும், எழுதாமல் நடக்கக் கூடாது என்ற பழக்கம் வர வேண்டும். இஸ்திகாராவை அவரவரே தொழ வேண்டும். விசாரணையை முடித்து, ஆலோசனையையும் கேட்டுத் தொழ வேண்டும்.

நாளை என்ன சம்பாதிக்கப் போகிறது என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்பது நம் ஈமான். அறியாமல் இருப்பது இழிவன்று. அது அடியானின் நிலை. அறியாத நாளையை நோக்கி, அறிந்த இன்றைச் செம்மையாகச் செய்துவிட்டு நடப்பதற்குத்தான் தவக்குல் என்று பெயர். ஒட்டகத்தைக் கட்டாமல் வானத்தைப் பார்ப்பது தவக்குல் அன்று. கட்டுவதா வேண்டாமா என்று சீட்டைப் பார்ப்பதும் தவக்குல் அன்று.

அந்தச் சகோதரி இன்று தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். பணம் திரும்பி வரவில்லை. அவருக்கு நம் மஹல்லாவில் இன்னும் யாரும் கணக்கு எழுதித் தரவில்லை. இதைப் படித்து முடிக்கும் நேயர்களே, உங்கள் தெருவில் இப்போது இத்தாவில் இருப்பவர் யார்? அவர் வீட்டுக் கதவை இதுவரை எத்தனை பேர் துக்கம் கேட்கத் தட்டினீர்கள்? கணக்குக் கேட்கத் தட்டப் போவது யார்?